மூலமும் பிரதியும்

எழுதுவது ஒரு கலை. எழுதியதைக் காப்பது மற்றொரு கலை. முன்னதைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பின்னதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஏதேனும் ஒன்று அழிந்துபோன பிறகுதான் அதன் நினைவே நமக்கு எழுகிறது. மாணவ நண்பர்களே, இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது கலையின் வரலாறு. அதிலும், கணிப்பொறிகள் தோன்றிய பின்னர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கலை அடைந்துவரும் மாற்றங்களையே சிறப்பாகக் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்க நாட்டில் மிஸௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்து ஓவர்லாந்து என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பெரிய கட்டடம் ஒன்றில் அந்நாட்டுப் படைவீரர்களின் பணிக் கோப்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அக்கட்டடத்தின் ஆறாம் தளத்தில் தீப் பற்றியது. நெருப்பு ஏறத்தாழ 22 மணி நேரம் எரிந்தது. முற்றும் தணிந்துவிட்டது என்று அறிவிக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆயிற்று. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது பங்கு மறைந்துபோயிற்று. இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் பணியாற்றியவர்கள் அவர்கள்.

கோப்பு என்பது வெறுங் காகிதம் என்று எண்ணிவிடலாகாது. முதிய வயதில் ஒருவன் அரசிடம் சென்று, “நான் போர்க்களத்தில் இருந்தேன், அங்கே காயமுற்றேன், எனக்கு உரிய உதவியைத் தருக” என்று கேட்டால், அவனுக்காகச் சாட்சி சொல்வது அந்தக் காகிதம்தான். அது இல்லையேல் அவன் சொல் அவனோடே நின்றுவிடுகிறது. அவ்வளவு மதிப்புடைய அக்கோப்புகளுக்கு வேறொரு பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. நுண்படச் சுருள்களிலும் அவை பதிவு செய்யப்படவில்லை. நனைந்துபோன கோப்புகளை விமானத் தொழிற்சாலை ஒன்றின் வெற்றிடக் கூடத்தில் வைத்து உலர்த்தினார்கள். எரிந்துபோனவற்றுக்கு ஈடாக, வேறு அலுவலகங்களில் கிடந்த ஊதியச் சீட்டுகள் முதலானவற்றைத் தேடித் திரட்டினார்கள். ஒரு வீரனைப் பற்றிய குறிப்பு அந்தக் கட்டடத்துக்கு வெளியே எங்கேனும் இருந்தால் அவனுக்கு வழி பிறந்தது, இல்லையேல் இல்லை.

இந்த நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பிரதியின் வலிமை அது மூலத்தைப் போலவே இருப்பதில் ஒரு பாதி. மூலத்தை விட்டு விலகி இருப்பதில் மறு பாதி. நம் நாட்டு ஓலைச் சுவடிகளின் கதையும் இதுவே. ஓர் ஊரில் செல்லரித்த ஏட்டின் பாடம் மற்றோர் ஊரில் ஒருவர் பெயர்த்தெழுதி வைத்த ஏட்டிலிருந்து கிடைத்தமையால் பிழைத்த நூல்கள் பல. கணிப்பொறிக் காலத்தில் பிரதி எடுக்கும் வேலை மிக எளிதாகிவிட்டது. ஆனால் அவ்வேலை எளிதாக எளிதாக, பிரதி மூலத்தின் அருகே நெருங்கி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு கேடு நேர்ந்து, இரண்டையும் பிரித்து வைக்குமாறு மனிதனுக்கு நினைவூட்டியது. இனி நான் கூறப்போகும் வரலாறு இவ்விரண்டின் போராட்டமே.

கணிப்பொறிகள் வாணிக உலகில் புகுந்த தொடக்கத்தில் செய்திகளைச் சேமிக்கக் காந்த நாடா பயன்பட்டது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பெற்ற யுனிவாக் என்னும் கணிப்பொறி உலோக நாடாவைக் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் பிளாஸ்டிக் நாடாவைப் பயன்படுத்தும் கருவியை வெளியிட்டது. நாடாவில் ஒரு குறை உண்டு. நடுவில் உள்ள ஒரு செய்தியைப் படிக்க வேண்டுமானால் தொடக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டே வரவேண்டும். இக்குறையை நீக்க 1956ஆம் ஆண்டில் அதே நிறுவனம் ராமாக் என்னும் காந்த வட்டுக் கருவியை அறிமுகம் செய்தது. இரண்டடி குறுக்களவுள்ள ஐம்பது வட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அவை யாவும் சேர்ந்து தாங்கிய எழுத்துகள் ஐம்பது லட்சம் மட்டுமே. இன்று உங்கள் கையிலுள்ள தொலைபேசி எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் அடக்குவது அரிது. ஆயினும் வேண்டிய செய்தியை வேண்டிய கணத்தில் எடுத்துத் தந்தமையால் வட்டு வென்றது.

அன்று முதல் வேலைப் பங்கீடு ஒன்று தோன்றியது. அன்றாடம் பயன்படும் மூலம் வட்டில் இருந்தது. அதன் காப்புப் பிரதி நாடாவுக்குச் சென்றது. பகற் பொழுதின் அலுவல் முடிந்த பின், இரவில், வட்டில் உள்ளவற்றை நாடாவில் பெயர்த்தெழுதுவார்கள். நாளுக்கொரு நாடா, வாரத்துக்கொரு நாடா, திங்களுக்கொரு நாடா என்று முறை வைத்து, அவற்றை மகன், தந்தை, பாட்டன் என்று தலைமுறைப் பெயரிட்டு அழைத்தார்கள். மகன் நாடாவில் பழுதிருந்தால் தந்தை நாடா உதவும். அதுவும் பழுதானால் பாட்டன் நாடா கை கொடுக்கும். எழுதி முடித்த நாடாவைக் கருவியிலிருந்து கழற்றி, பெட்டியில் இட்டு, வேறொரு கட்டடத்துக்கு அனுப்புவதும் வழக்கமாயிற்று. கழற்றி வைத்த நாடாவைக் கணிப்பொறி எவ்வளவு முயன்றாலும் அழிக்க முடியாது. அந்த எளிய முறையில் இருந்த பெரும் பாதுகாப்பு அதுவே. அதன் அருமை அக்காலத்தில் பலருக்கும் தெரியவில்லை. ஏனெனில் அது தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

இனி, கதையில் புதியதோர் உறுப்பு வந்து சேர்கிறது. அதுவே மெய்நிகர்க் கணிப்பொறி. வர்ச்சுவல் மெஷின் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பிறப்பு அண்மைக் காலத்தது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அதற்கு அறுபது வயது ஆகிறது. 1964ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் கிரீஸி தலைமையில் அறிஞர் சிலர் இம்முயற்சியில் ஈடுபட்டனர். ஒரு பெரிய கணிப்பொறியைப் பலர் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஒவ்வொருவருக்கும் முழுக் கணிப்பொறியும் தமக்கே உரியது போலத் தோன்ற வேண்டும். இதுவே அவர்கள் நோக்கம். 1967 ஜனவரியில் அவர்கள் உருவாக்கிய கட்டுப்பாட்டு நிரல் பணியில் அமர்ந்தது. பதினான்கு மெய்நிகர்க் கணிப்பொறிகளை அது ஒரே சமயத்தில் நடத்தியது. 1972இல் அதன் வழி வந்த முறையை ஐ.பி.எம். நிறுவனம் விற்பனைக்கு அறிவித்தது.

ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுவது போன்றது இது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பும் தனிக் கதவும் உண்டு. ஒருவர் வீட்டில் நடப்பது மற்றவருக்குத் தெரியாது. அடித்தளமும் கூரையும் மட்டுமே பொது. 1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்னும் இருவர், எத்தகைய கணிப்பொறியை இவ்வாறு தடுக்க இயலும் என்பதற்கான இலக்கணத்தையே வகுத்தனர். பின்னர்ச் சிறிய, விலை குறைந்த கணிப்பொறிகள் பெருகின. ஆளுக்கொரு பொறி கிடைத்தபோது ஒன்றைப் பலர் பங்கிடும் தேவை குறைந்தது. இக்கருத்தும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. மீண்டும் அதனை உயிர்ப்பித்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள். அவர்களுள் சிலர் 1998இல் வி.எம்.வேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அக்காலத்துச் சிறு கணிப்பொறிகளின் உள்ளமைப்பு, போபெக்கும் கோல்ட்பர்க்கும் வகுத்த இலக்கணத்துக்கு உட்பட்டதாக இல்லை. அந்த இடையூற்றை அவர்கள் நிரல் நுட்பத்தால் வென்றார்கள். 2001இல் பல கணிப்பொறிகளின் வேலையை ஒன்றே செய்யும் வண்ணம் அவர்களுடைய சர்வர் நிரல் வெளிவந்தது.

சர்வர் என்பது பிறருக்குப் பணி செய்யும் கணிப்பொறி. அலுவலகத்தில் கடிதத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சர்வர்களை வைத்திருந்தார்கள். அவற்றுட் பல, நாளின் பெரும்பகுதியைச் சும்மாவே கழித்தன. எனவே பத்து, இருபது சர்வர்களை மெய்நிகர்க் கணிப்பொறிகளாக மாற்றி ஒரே பொறியில் குடியேற்றினார்கள். மின்சாரமும் இடமும் பணமும் மிச்சமாயின. இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. நம் கதைக்கு அதுவே முதன்மையானது. முன்பு சர்வர் என்றால் இரும்புப் பெட்டி. இப்போது சர்வர் என்பது வட்டில் கிடக்கும் ஒரு பெருங் கோப்பு. கோப்பைப் பிரதி எடுக்கலாம், இடம் மாற்றலாம், வேறொரு பொறியில் வைத்து மீண்டும் எழுப்பலாம். ஒரு கணிப்பொறியை முழுமையாகப் பிரதி செய்வது என்பது அன்றுதான் நடைமுறைக்கு எளிதாயிற்று.

அந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது? அதற்கு விடை காண, சேமிப்பகப் பிணையம் என்பதன் வரலாற்றுக்கு நாம் செல்ல வேண்டும். ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க் என்பது அதன் வழக்குப் பெயர். முதலெழுத்துகளைச் சேர்த்துச் ‘சான்’ என்று தொழில் செய்வோர் சுருக்கமாக அழைப்பர். முற்காலத்தில் வட்டுகள் தத்தம் சர்வரின் உள்ளேயோ, சில மீட்டர் நீளக் கம்பியின் மறுமுனையிலோ இருந்தன. ஒரு சர்வரின் வட்டில் இடம் மிகுந்திருந்தாலும் இடம் போதாத அடுத்த சர்வருக்கு அது உதவாது. 1988இல் இதற்கொரு புதிய வழி காணும் பணி தொடங்கிற்று. 1994இல் ஃபைபர் சேனல் என்னும் முறை அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. கண்ணாடி இழைகளின் வழியே ஒளித்துடிப்புகளாகச் செய்தி செல்லும் முறை அது. வட்டுகள் சர்வரை விட்டுப் பிரிந்து, தனியே ஒரு பொதுக் களஞ்சியமாக அமைந்தன. பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் அக்களஞ்சியத்தை அணுக முடிந்தது. சாதாரணப் பிணையக் கம்பிகளின் வழியாகவும் இதே வேலையைச் செய்யும் முறை 2004இல் வகுக்கப்பட்டது.

இப்பிணையத்துக்கும் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பிணையத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் ஊருக்குச் சென்று, “இன்னார் வீடு எங்கே?” என்று ஊரறிந்த ஒருவரைக் கேட்டு, அவர் வழிகாட்டச் செல்வது ஒரு முறை. கதவிலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எவரையும் கேளாமல் நேரே சென்று கதவைத் தட்டுவது மற்றொரு முறை. முன்னது கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்பது; பின்னது வட்டின் பகுதியை எண் சொல்லிக் கேட்பது. சான் பின்னதைச் செய்கிறது. அதன் வேகத்துக்குக் காரணம் அதுவே. அதன் ஆபத்துக்குக் காரணமும் அதுவே என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

மெய்நிகர்க் கணிப்பொறியும் சேமிப்பகப் பிணையமும் ஒன்று சேர்ந்தபோது பழைய இரவு வேலையில் சிக்கல் எழுந்தது. தனித்தனிப் பெட்டிகளாக இருந்த காலத்தில், ஒவ்வொரு சர்வரும் தன் ஓய்வு நேரத்தில் தன்னைத் தானே பிரதி எடுத்து அனுப்பியது. இப்போதோ இருபது குடித்தனங்களும் ஒரே நேரத்தில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஒரே வாயில் வழியாக வெளியேற முயல்வது போலாயிற்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது மெய்நிகர்க் கணிப்பொறிகள். ஒவ்வொன்றிலும் 100 கிகாபைட். மொத்தம் 2,000 கிகாபைட். நொடிக்கு 100 மெகாபைட் கொண்டுசெல்லும் அலுவலகப் பிணையத்தில் அதனை அனுப்ப 20,000 நொடிகள், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்நேரம் முழுதும் அப்பிணையத்தில் வேறு வேலை நடவாது. இத்தகைய பொறிகள் பத்து இருந்தால், ஓர் இரவு போதாது. இரண்டு பகலும் போதாது.

இதற்குக் கண்ட தீர்வு அழகானது. மெய்நிகர்க் கணிப்பொறியின் உடல் பொதுக் களஞ்சியத்தில்தானே கிடக்கிறது? அப்படியானால் அதனைப் பிரதி எடுக்க, உழைத்துக்கொண்டிருக்கும் பொறியை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? வேறொரு கணிப்பொறியைச் சேமிப்பகப் பிணையத்தில் இணைத்து, அது நேரே களஞ்சியத்திலிருந்து படித்துக்கொள்ளட்டுமே! 2006ஆம் ஆண்டில் வி.எம்.வேர் நிறுவனம் இம்முறையை வெளியிட்டது. 2009இல் அதனைச் செம்மைப்படுத்தியது. அலுவலகப் பிணையம் தன் போக்கில் இயங்க, பிரதி எடுக்கும் வேலை பின்வழியாக அமைதியாக நடந்தேறியது.

ஆயினும் ஓர் ஐயம் எழும். கணிப்பொறி இயங்கிக்கொண்டே இருக்கிறது. அதன் வட்டு நொடிதோறும் மாறுகிறது. முதற் பக்கத்தைப் பெயர்த்தெழுதி முடித்துக் கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் நடுப் பக்கங்கள் திருத்தப்பட்டால், கிடைக்கும் பிரதி எந்தக் கணத்துக்கு உரியது? ஒரு கணக்கில் பற்று வைத்தாகிவிட்டது, வரவு வைக்கவில்லை என்னும் நிலையில் பிரதி அமைந்துவிட்டால் என்செய்வது? இதற்காகவே ஸ்னாப்ஷாட் என்னும் உத்தி பயன்படுகிறது. பிரதி தொடங்குமுன், இயங்கும் நிரல்களிடம், “கையிலுள்ள வேலையை ஒழுங்காக முடித்து ஒரு கணம் நில்லுங்கள்” என்று சொல்லப்படுகிறது. அக்கணத்தில் வட்டுக் கோப்பு உறைய வைக்கப்படுகிறது. அதன் பின் வரும் மாற்றங்கள் யாவும் தனியே ஒரு துணைக் கோப்பில் எழுதப்படுகின்றன. உறைந்த கோப்பைப் பிரதி எடுத்து முடித்ததும், துணைக் கோப்பில் சேர்ந்தவை மூலத்தோடு இணைக்கப்படுகின்றன.

இதற்குமேல் இன்னொரு சிக்கனமும் உண்டு. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறிய பகுதிகள் எவை என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் பிரதி எடுப்பது. நூற்றில் மூன்று பங்கு மாறியதாகக் கொண்டால், 2,000 கிகாபைட்டுக்குப் பதில் 60 கிகாபைட் போதும். ஐந்தரை மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அறிவின் வெற்றி என்று இதனைத் தயங்காமல் கூறலாம்.

நண்பர்களே, வெற்றியைச் சொல்லிவிட்டேன். இனி அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். பிரதியைச் சுமந்துகொண்டு வேறு ஊருக்குச் சென்ற நாடா இப்போது பல இடங்களில் மறைந்துவிட்டது. மூலமும் ஸ்னாப்ஷாட்டும், சில வேளை காப்புப் பிரதியுங்கூட, ஒரே களஞ்சியத்தில் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தன. ஸ்னாப்ஷாட்டைக் காப்புப் பிரதி என்றே சிலர் எண்ணிக்கொண்டார்கள். உறைந்த மூலம் இல்லாமல் துணைக் கோப்பு மட்டும் எதற்கும் உதவாது. மூலம் அழிந்தால் ஸ்னாப்ஷாட்டும் உடன் அழியும். மற்றோர் ஆபத்தும் இருந்தது. கதவிலக்கத்தை அறிந்து நேரே வீட்டுக்குள் நுழையும் உரிமை, பிரதி எடுக்கும் கணிப்பொறிக்கு வழங்கப்பட்டதல்லவா? அக்கணிப்பொறி, தனக்குப் புரியாத அமைப்புடைய அந்த வட்டுகளை வெற்று வட்டுகள் என்று கருதித் தன் முத்திரையை அவற்றில் பதித்துவிட்டால், காக்க வந்த கையே அழித்த கையாகிவிடும். அதனால்தான் புதிய வட்டுகளைத் தானாக ஏற்கும் இயல்பை அக்கணிப்பொறியில் முதலில் நிறுத்திவிட வேண்டும் என்று கையேடுகள் அறிவுறுத்தின.

வரலாறு பாடம் புகட்டத் தவறவில்லை. 2017 ஜனவரி 31ஆம் நாள், நிரல் எழுதுவோர் பலர் பயன்படுத்தும் கிட்லாப் என்னும் சேவையில், பழுது நீக்க முயன்ற பொறியாளர் ஒருவர் வேறொரு சர்வர் என்று எண்ணி மெய்யான தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு முறைகள் அங்கே இருந்தன. ஐந்தும் உரிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. நாள்தோறும் பிரதி எடுக்க வேண்டிய நிரல் தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் தடுக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியமாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் தற்செயலாக மற்றொரு சர்வரில் இருந்தமையால் அச்சேவை பிழைத்தது. அந்நிறுவனம் நிகழ்ந்ததை ஒளிக்காமல் உலகுக்கு எழுதி வெளியிட்டது. அது பாராட்டுக்குரிய செயல். மீட்டுப் பார்க்கப்படாத பிரதியைப் பிரதி என்று நம்பலாகாது என்பதே அதன் பாடம்.

அதே ஆண்டு ஜூன் 27ஆம் நாள், நாட்பெட்யா என்னும் அழிவு நிரல் உலகெங்கும் பரவியது. மெர்ஸ்க் என்னும் பெருங் கப்பல் நிறுவனத்தின் கணிப்பொறிகளை அது தாக்கியது. அந்நிறுவனத்தில் யார் யார் எவ்வெவற்றைப் பயன்படுத்தலாம் என்னும் பதிவைத் தாங்கிய சர்வர்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்று அவை யாவும் ஒன்றையொன்று ஒத்திருக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. ஆனால் எல்லாம் ஒரே பிணையத்தில் இருந்தமையால் எல்லாம் ஒரே வேளையில் அழிந்தன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்றே ஒன்று மட்டும் எஞ்சியது. அங்கே அச்சமயம் மின்சாரம் தடைப்பட்டு, அந்தச் சர்வர் பிணையத்திலிருந்து விலகி நின்றதுதான் காரணம். அந்த ஒன்றைக் கொண்டே நிறுவனம் தன்னை மீட்டுக்கொண்டது. கழற்றி வைத்த நாடாவின் பழைய காவலை, ஒரு மின்தடை தற்செயலாகச் செய்து முடித்தது.

2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. வாடிக்கையாளர் சிலருடைய மூலமும் பிரதியும் அந்த ஒரே வளாகத்தில் இருந்தமையால் இரண்டையும் இழந்தனர். 2023 பிப்ரவரியில், மெய்நிகர்க் கணிப்பொறிகளைத் தாங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் பணயம் கேட்கும் கயவர்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. கணிப்பொறி ஒரு கோப்பாக மாறியது நமக்கு வசதி என்றோமே. அக்கோப்பைப் பூட்டிவிட்டால் முழுக் கணிப்பொறியையும் சிறைப்பிடித்ததாகும் என்பதை அவர்களும் அறிந்துகொண்டார்கள்.

இறுதியாக, தென்கொரியாவில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். 2025 செப்டம்பர் 26ஆம் நாள், டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில், மின்கலங்களை இடம் மாற்றும் பணி நடந்தபோது தீ மூண்டது. அரசின் நூற்றுக்கணக்கான இணையச் சேவைகள் நின்றன. பல பின்னர் மீண்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தம் அலுவல் ஆவணங்களைச் சேர்த்து வைத்த ஜி-டிரைவ் என்னும் களஞ்சியம் மீளவில்லை. 858 டெராபைட் அளவுள்ள ஆவணங்கள் அதில் இருந்தன; ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களின் பல்லாண்டு உழைப்பு அது. அவற்றைத் தத்தம் கணிப்பொறிகளில் வைக்காமல் அந்தப் பொதுக் களஞ்சியத்திலேயே வைக்குமாறு அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. களஞ்சியம் மிகப் பெரியது என்னும் காரணத்தால் அதற்கு வெளியிடத்தில் பிரதி எடுக்கப்படவில்லை.

மிகப் பெரியது என்பது எவ்வளவு பெரியது? 2021இல் வெளிவந்த காந்த நாடாப் பேழை ஒன்று 18 டெராபைட் தாங்கும். அப்பேழை உள்ளங்கையளவே இருக்கும். 858ஐப் பதினெட்டால் வகுத்தால் 48 வருகிறது. ஐம்பதுக்கும் குறைந்த பேழைகள் ஓர் அலமாரித் தட்டை நிரப்பா. வேலை எளிது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பேழையை நிரப்ப ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். ஒரே கருவியால் எழுதினால் இருபத்தைந்து நாட்கள். நான்கு கருவிகளானால் ஒரு வாரம். அதன் பின் அன்றாடம் மாறியவற்றை மட்டும் எழுதிவந்தால் போதும். செயின்ட் லூயிஸில் காகிதம் எரிந்ததற்கும் டேஜானில் மின்னெழுத்து எரிந்ததற்கும் இடையே ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த இடைவெளியில் பிரதி எடுக்கும் செலவு கற்பனைக்கெட்டாத அளவு குறைந்துவிட்டது. குறையாமல் நின்றது, “நமக்கு அது நேராது” என்னும் எண்ணம் ஒன்றே.

இவ்வனுபவங்களையெல்லாம் திரட்டி அறிஞர்கள் ஓர் எளிய விதியாகக் கூறுகின்றனர். எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். பீட்டர் க்ரோ என்னும் புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி இது. பிற்கால அனுபவம் இதனோடு இரண்டைச் சேர்த்தது. ஒரு பிரதியேனும் எந்தப் பிணையத்திலும் இணையாமல் தனித்திருக்க வேண்டும். அவ்வப்போது அதனை மீட்டெடுத்து, அது உயிரோடிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுட் சிலர் நாளை ஓர் அலுவலகத்தின், மருத்துவமனையின், ஏன், ஓர் அரசின் ஏடுகளுக்கே பொறுப்பேற்கக்கூடும். அன்று உங்களிடம் மிக வேகமான கருவிகள் இருக்கும். அவை, “பிரதி எடுத்தாயிற்று” என்று நாள்தோறும் உங்களுக்கு அறிவிக்கும். அவ்வறிவிப்பைக் கண்டு மனநிறைவு கொள்ளுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்தக் கட்டடம் இன்றிரவு எரிந்தால் அந்தப் பிரதி எங்கே இருக்கும்? அதனைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது என்று? இவ்விரண்டுக்கும் தயக்கமின்றி விடை சொல்ல முடியுமானால், எங்கோ ஒரு முதியவரின் ஓய்வூதியச் சான்று உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது என்று பொருள்.